கொழுக்கட்டைக்கு முளைத்த கை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது நான் வழக்கமா சொல்ற சாக்கு. இந்தத் தடவை அது இல்லை. இதை எழுதணும்னு நாலஞ்சு தடவை உக்காந்து, பாதியிலேயே மூடி வச்சுட்டேன். இன்னிக்கு எப்படியும் முடிச்சிரணும்.

எங்க வீட்ல ஒரு சாலமண்டர் இருக்கு.

"காரைக்குடி வெயில்ல சாலமண்டரா, லூசாடா நீ"ன்னு கேக்குறீங்கல்ல? கேளுங்க. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆக்சலாட்டில்னு பேரு. மெக்சிகோ நாட்டுக்காரன். சாண் நீளம், நாலு கால், படகுத் துடுப்பு மாதிரி வாலு, தலைக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணா இறகு மாதிரி செவுள் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். 2021ல மைன்கிராஃப்ட் விளையாட்டுல வந்தப்புறம் சின்னப் பசங்க எல்லாருக்கும் இவனைத் தெரியும். தவளை மாதிரி இருவாழ்வி இனம்தான். ஆனா தவளையோட தலப்பிரட்டை கால் முளைச்சு, வாலு சுருங்கி, கரையேறிடும். இவன் ஏறவே மாட்டான். சின்ன வயசுச் செவுளோடயே வளந்து, வயசுக்கு வந்து, குட்டி போட்டு (முட்டைதான், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்), தண்ணிக்குள்ளயே ஆயுசை முடிச்சுக்குவான். முப்பது வயசு நெருங்கியும் அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு, வீட்டை விட்டு நகராம பொட்டி தட்டுற எனக்கு இவனைப் பாத்ததும் ஒரு பாசம் வந்ததுல ஆச்சரியமே இல்லை :)

2021 டிசம்பர்ல, சென்னை கொளத்தூர் பக்கம் அலங்கார மீன் கடைகள் இருக்குல்ல, அங்க ஒரு கடையில பாத்தேன். ஒரே தொட்டியில ஏழெட்டுக் குட்டிங்க. குட்டியில இதுங்க ஒண்ணை ஒண்ணு கடிக்கும். பக்கத்துல எது அசைஞ்சாலும் சாப்பாடுன்னு நினைச்சு லபக்குன்னு கவ்வுறதுதான். அதுல ஒருத்தனுக்கு இடது முன்னங்கை முழங்கைக்குக் கீழ இல்லை. அதனால விலை பாதி. எனக்கும் அந்தக் கணக்குத்தான் முதல்ல பிடிச்சது, பொய் சொல்ல விரும்பல. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போற நேரம். தெர்மகோல் பெட்டியில ஐஸ் பாக்கெட் வச்சு, பையில தண்ணி கட்டி, பல்லவன் எக்ஸ்பிரஸ்ல மடியில வச்சுக்கிட்டே காரைக்குடி வந்து சேந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் விழுப்புரம் வரைக்கும் அது கேக்குன்னே நினைச்சுக்கிட்டு இருந்தார்.

இதுக்கு 16லேருந்து 18 டிகிரி வரைக்கும் தண்ணி இருந்தா சொர்க்கம். 20, 22 வரை சமாளிக்கும். 24 தாண்டி நாள்கணக்கில போனா உடம்பு கெட ஆரம்பிச்சிரும். எங்க ஊர்ல தை மாசம் நடுராத்திரி தவிர எப்பவும் அந்தக் கோட்டுக்கு மேலதான். எங்களது பழைய வீடு. உசந்த கூரை, கனமான சுவர், ஆத்தங்குடிக் கல் பாவின தரை, நடுவுல முற்றம். வெளியில 38 டிகிரி அடிக்கும்போதும் பட்டாலையில உக்காந்தா சுகமாத்தான் இருக்கும், அந்தக் காலத்துக் கொத்தனாருங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா "சுகமா இருக்கு"ங்கிறது மனுஷனுக்குச் சொன்ன கணக்கு. தண்ணியில தெர்மாமீட்டரை விட்டா 29 காட்டும்.

வீட்லயே ஏசி இருந்தது ஒரே ஒரு ரூம்லதான். அது அப்பத்தா ரூம்.

அப்பத்தா முதல் நாளே ஒத்துக்கல. "அரணையாடா? அரணை கடிச்சா மரணம்டா அப்பு"ன்னு கதவுக்கு அந்தப் பக்கமே நின்னாக. அரணைக்கும் விஷம் கிடையாது, இது அரணையும் இல்லைன்னு விளக்கி, கண்ணாடித் தொட்டி மூடியை ரெண்டு தடவை அழுத்திக் காட்டினப்புறம்தான் உள்ள வந்தாக. கட்டில்ல உக்காந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "பிடிச்சு வச்ச கொழுக்கட்டையாட்டம் வெள்ளையா ஒரே எடத்துல கெடக்கு"ன்னாக. பேரு அதுவே நிலைச்சுருச்சு.

அந்தக் கை விஷயத்துக்கு வரேன். ஆக்சலாட்டிலுக்குக் கை போனா கை முளைக்கும். பல்லிக்கு வாலு வளர்ற மாதிரி அரைகுறையா இல்லை. எலும்பு, தசை, நரம்பு, விரல், எல்லாம் முன்னாடி இருந்த மாதிரியே. படிச்சிருந்தேன், ஆனா கண்ணால பாக்குறது வேற. காயத்து மேல தோல் ஒரு நாளைக்குள்ள மூடிக்கும், தழும்பு விழாது. நமக்குத் தழும்பு விழுற இடத்துல இதுக்கு உள்ளுக்குள்ள செல்லுங்க கூடி ஒரு சின்ன மொட்டு கிளம்பும். பிளாஸ்டீமான்னு சொல்றாங்க. அப்புறம் அந்த மொட்டு நீண்டு, நுனி தட்டையாகி, கரண்டி மாதிரி ஆகும். அதுல ஓரத்துல ஒரு பள்ளம் விழுந்து ரெண்டு விரலு பிரியும், அப்புறம் மூணாவது, கடைசியா நாலாவது. முன்னங்கையில நாலு விரல்தான், பின்னங்கால்ல அஞ்சு.

நான் தினமும் காலையில ஒரு படம், ராத்திரி ஒரு படம்னு எடுத்து, ஸ்கேல் வச்சு அளந்து, எக்செல்ல போட்டுக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல இவ்வளவு ஒழுங்கா டைம்ஷீட் போட்டிருந்தா இந்நேரம் டீம் லீடு ஆகியிருப்பேன். அப்பத்தாவுக்கு எக்செல் தேவைப்படல. "அப்பு, இன்னைக்கு மொட்டு வெடிச்சிருச்சு"ன்னு எனக்கு முன்னாடி அவுகதான் சொன்னாக, ஏதோ மல்லியப்பூ கணக்கா. முப்பத்தெட்டாவது நாள் நாலு விரலும் வந்துருச்சு. புதுக் கை கொஞ்ச நாளைக்குப் பழைய கையைவிட மெலிசா, கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ள ரத்தம் ஓடுறது தெரியும்.

இடையில வளர்ப்பு முறை பத்திக் கொஞ்சம். கேக்கப் போறீங்கன்னு தெரியும்.

தண்ணின்னா சுத்தமா இருக்கணும்னு எல்லாரும் முதல்ல ஆர்ஓ தண்ணியை ஊத்துவாங்க. தப்பு. அதுல உப்பு, சுண்ணாம்பு எல்லாம் வடிஞ்சு போயிருக்கும். இதுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணிதான் ஒத்துக்கும். குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா அதை எடுத்துட்டு ஊத்தணும். அப்பத்தா, "பரண்ல செப்பு அண்டா இருக்கு, அதுல ஊத்தி வச்சு எடு, தண்ணி சுத்தமாயிரும்"னாக. நமக்குச் செம்பு நல்லது, இவனுக்கு அதுதான் விஷம். இருவாழ்விங்க தோல் வழியாவே தண்ணியும் காத்தும் போகும், கரைஞ்ச செம்பும் போகும். அண்டாவை வேண்டாம்னு சொன்னதுல அப்பத்தாவுக்கு ரெண்டு நாள் கோபம். அவுக சீர் கொண்டு வந்த அண்டா அது.

சாப்பாடு மண்புழு. மண்புழு உரக் குழியில கிடைச்ச சின்னச் சிவப்புப் புழுவை வாயில போட்டுட்டு, கசந்த மாதிரி துப்பிட்டான். கொல்லையில வாழை மூட்டுல தோண்டுன புழுவைத்தான் தின்னான். தொட்டியில கூழாங்கல் போடாதீங்க. வாயை அகலத் திறந்து உறிஞ்சிச் சாப்பிடுற பிராணி, கல்லையும் சேத்து முழுங்கி வயிறு அடைச்சுச் செத்துப்போகும். நான் அழகுக்குப் போட்டு, படிச்சுப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரியே அள்ளினேன்.

உடம்பைப் படிக்கப் பழகிட்டா மீட்டர் பாதி வேலைதான். செவுள் முன்பக்கமா வளைஞ்சா ஏதோ சரியில்லை, அல்லது தண்ணி ஓட்டம் ஜாஸ்தி. வாலு நுனி கொக்கி மாதிரி சுருண்டா சிரமத்துல இருக்கான். செவுள்ல பஞ்சு ஒட்டின மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. ஒரு வயசு ஆறப்போ வாலு ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் வீங்கிருச்சு. கட்டின்னு நினைச்சு நான் பதறிப்போய் ராத்திரி பதினொரு மணிக்கு பெங்களூர்ல இருக்கிற நண்பனை எழுப்பி வீடியோ கால்ல காட்டினேன். அவன் பாக்குறதுக்குள்ள பின்னாலேருந்து அப்பத்தா, "பயலுக்கு வயசு வந்திருச்சுடா, விடு"ன்னாக. அதேதான். ஆணுக்கு அங்க அப்படித்தான் வீங்குமாம். அது பின்னாடி நடந்தது, ஓட்டத்துல சொல்லிட்டேன்.

இனி 2022 மே மாசம்.

ஏப்ரல்லயே தண்ணி 23க்கு ஏறிருச்சு. நான் ஏசியை 22லேருந்து 20க்கு இறக்கினேன். அப்பத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் இறக்கினேன். "குளுருனா சொல்லுங்க அப்பத்தா"ன்னேன். "எனக்கென்னடா, கம்பளி இருக்கு"ன்னாக. எண்பது வயசு. இருபத்தஞ்சு வருஷமா சர்க்கரை. பேரன் ஆசையா வளக்குறான்னு ஒரு வார்த்தை சொல்லல.

ராத்திரி பாதம் சில்லுன்னு இருக்குன்னு, வேலைக்கு வர்ற அக்காகிட்ட சொல்லி ஒத்தடம் குடுக்குற ரப்பர் பையில வெந்நீர் ஊத்திக் காலடியில வச்சுக்கிட்டுப் படுத்திருக்காக. எனக்குத் தெரியாது. ஆத்தாவுக்கும் தெரியாது. சர்க்கரையில பாதத்து நரம்பு செத்துப் போச்சுன்னா சூடு உறைக்காது. கொப்புளம் வந்தது அவுகளுக்குத் தெரியல. கொப்புளம் உடைஞ்சதும் தெரியல. தெரிஞ்சப்போ, சொன்னா ஏசியைக் கூட்டிருவான், கொழுக்கட்டைக்கு ஆகாதுன்னு ஒரு சாக்ஸை மாட்டிக்கிட்டு இருந்துட்டாக. ஆத்தா ஒருநாள் போர்வையை உதறுறப்போ கறையைப் பாத்தாக. சாக்ஸைக் கழட்டினா வலது காலு ரெண்டாவது விரல் கருத்துப் போயிருந்தது.

மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். விரலை எடுத்துட்டாங்க. சர்க்கரைக்காரங்க காலுக்கு வெந்நீர்ப் பையே ஆகாது, இப்படி வர்றவங்க நிறைய பேர்னு டாக்டர் சொன்னார். திட்டல. திட்டியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து போன்ல அந்த ரெண்டு வாரத்துப் படங்களைத் தள்ளிப் பாத்தேன். கொழுக்கட்டை படம் முப்பத்தி நாலு. செவுளுக்கு, வாலுக்கு, புதுக் கைக்குன்னு தனித்தனியா. அதுல ஒரு படத்துல தொட்டிக் கண்ணாடியில கட்டிலோட நிழல் விழுந்திருக்கு. கட்டிலு விளிம்புல அப்பத்தா கால் தொங்குது. சாக்ஸ் போட்டிருக்கு. மே மாசம், காரைக்குடி, சாக்ஸ். அந்தப் படத்தை நான் அன்னிக்கே பெருசு பண்ணிப் பாத்திருக்கேன், செவுள்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கான்னு.

அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாக. "அந்தத் தொட்டி இனி அந்த ரூம்ல இருக்கக் கூடாது." போன்லயே ஆள் விட்டு, தொட்டியை ரெண்டாங்கட்டு ரூம்ல தூக்கி வைக்கச் சொல்லிட்டாக. தூக்கி வச்சவங்க ஃபில்டரைச் சொருகல. அவங்களுக்கு யாரு சொன்னா? வெப்பநிலை ஏறினா என் டெலகிராமுக்கு மெசேஜ் வர்ற மாதிரி ஒரு சென்சார் மாட்டி வச்சிருந்தேன். தொட்டியை நகத்துறப்போ அதையும் பிடுங்கிட்டாங்க. மெசேஜ் வரல. வரலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன். புரோகிராம் எழுதுற நாங்க ஜூனியருக்கு முதல் வாரமே சொல்லிக் குடுக்குற பாடம் இது, சத்தம் வரலைன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்லைன்னு.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கொழுக்கட்டை உசிரோட இருந்தான். ஆனா செவுள் இறகெல்லாம் உதிர்ந்து, மூணு மூணு மொட்டைக் குச்சியா நின்னுச்சு. மேல வந்து காத்தை முழுங்கிட்டுப் போனான். அதைப் பாத்ததும் எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காம சொல்றேன்: உருமாறுறான். கரையேறப் போறான். ஏறிட்டா குளிர்ந்த தண்ணி வேண்டாம், ஏசி வேண்டாம், எல்லாப் பிரச்சனையும் தீந்துரும்.

இப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. 1864ல மெக்சிகோவிலேருந்து பாரிசுக்கு 34 ஆக்சலாட்டில் கப்பல்ல வந்துச்சு. அதுல ஆறு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருந்த ஒகுஸ்ட் துமெரில்ங்கிறவர்கிட்டப் போச்சு. அடுத்த வருஷம் அதுங்க போட்ட குஞ்சுகள்ல சிலது திடீர்னு செவுள் சுருங்கி, நிலத்துச் சாலமண்டரா மாறிடுச்சு. மனுஷன் ஆடிப் போயிட்டார். பின்னாடி 1920ல ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டுத் தைராய்டை ஊட்டியே மாத்திக் காட்டினார். இதுங்க உடம்பு மாறத் தயாராத்தான் இருக்கு, தைராய்டை உசுப்புற சமிக்ஞைதான் தலையிலேருந்து போதுமான அளவு வரலைன்னு அப்புறம் புரிஞ்சது. ஆத்தா தினமும் காலையில வெறும் வயித்துல போடுற மாத்திரை இருக்கே, அதே சமாச்சாரம். (யாரும் போட்டுப் பாத்துறாதீங்க. அப்படி மாத்தினதுல நிறைய செத்துப் போகும், பொழைச்சதுக்கும் ஆயுசு குறைவு. இந்தக் கதையைச் சொன்னதுலேருந்து ஆத்தா மாத்திரை டப்பாவை அலமாரியில பூட்டி வைக்கிறாக.)

ரெண்டு நாள் அந்த நம்பிக்கையிலேயே இருந்தேன். மூணாம் நாள் அப்பத்தா டிஸ்சார்ஜ் ஆகி வந்தாக. கட்டுப் போட்ட காலோட, நாற்காலியிலேயே ரெண்டாங்கட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லி, தொட்டிக்குள்ள பாத்தாக. நான் துமெரில் கதையை ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்திட்டாக.

"மாறல்லாம் இல்லடா. அது இளைச்சுப் போய்க் கெடக்கு. கண்ணு தெரியலையா ஒனக்கு?"

அப்புறம்தான் ஒழுங்கா பாத்தேன். உண்மையிலேயே உருமாறினா செவுள் மட்டும் சுருங்காது. முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் கரையும், கண்ணு வெளியில பிதுங்கி இமை வரும், தோல் உரிஞ்சு கனமாகும். இவனுக்கு முதுகுத் துடுப்பு அப்படியே இருந்தது. இமை இல்லை. வாலு நுனி கொக்கியா சுருண்டிருந்தது. வயிறு தலையைவிடச் சின்னதா ஒட்டிப் போயிருந்தது. அம்மோனியா டெஸ்ட் பண்ணேன். மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி நல்ல பச்சையா வந்துச்சு. ஃபில்டர் நின்னதும் அதுல இருந்த நல்ல பாக்டீரியா செத்து, கழிவு அம்மோனியாவாவே தங்கி, செவுளை எரிச்சிருக்கு. சூட்டுத் தண்ணியில ஆக்சிஜனும் குறைவு. அதான் காத்துக்கு மேல வந்திருக்கான். எனக்கு எது வேணுமோ அதை நான் அவன் உடம்புல படிச்சிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி அவனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல நல்ல தண்ணியில போட்டு, கொஞ்சம் கொஞ்சமா குளிர வச்சு, ஃபிரிட்ஜுக்குள்ள வச்சேன். சிரிக்காதீங்க, இது வளக்குறவங்க கைவைத்தியம்தான். எல்லாரும் ஒத்துக்கிறதில்லை, எனக்கு அன்னிக்கு வேற வழி தெரியல. இட்லி மாவுச் சட்டிக்கும் மோர்க் குழம்புக்கும் நடுவுல கொழுக்கட்டை. ஆத்தா, "பேரை மட்டும் கேட்டுட்டு எவளாச்சும் எடுத்து வேக வச்சுறப் போறா"ன்னாக. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அந்த வீட்ல யாரோ சொன்ன முதல் தமாஷ். தினமும் முழுத் தண்ணியையும் மாத்தினேன். அதே குளிர்ல வச்ச தண்ணியா மாத்தணும், இல்லைன்னா அதிர்ச்சியிலேயே போயிரும். காஞ்சு உதிர்ந்த நாட்டுப் பாதாம் இலை ஒண்ணு போட்டேன்.

பத்து நாளைக்கு அப்புறம் வெளியில எடுத்தப்போ வாலு நேராயிருந்தது. ஆனா எங்க வைக்கிறது?

"இங்கனயே கொண்டாந்து வை"ன்னு அப்பத்தா சொன்னாக. அப்பச்சி ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டாக. நான் மாட்டேன்னுட்டேன். வாழ்க்கையில அப்பத்தா பேச்சைத் தட்டினது அண்டா விஷயத்துக்கு அப்புறம் அது ஒண்ணுதான்.

யாருக்காவது கொடுத்துரலாம்னு பாத்தேன். குளிர்ச்சியா வச்சுக் காப்பாத்துறேன்னு சொன்ன ஒருத்தரும் கிடைக்கல. ஊருணியில விட்டுருன்னு ஒருத்தர் சொன்னார். ஊருணித் தண்ணி வெயில்ல கொதிக்கும், ஒரு நாள் தாங்கமாட்டான். தாங்கினாலும் வெளிநாட்டு உயிரை நம்ம குளத்துல விடுறது தப்பு.

குளிரூட்டிதான் ஒரே வழின்னு ஆச்சு. முதல்ல ரெண்டு பெல்டியர் தகடு வாங்கி மாட்டினேன். ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும், கரண்டைக் குடிக்கும், எண்பது லிட்டர் தண்ணியை ஒன்றரை டிகிரி இறக்கும். காசு போச்சு. அப்புறம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர், பழைய வாட்டர் கூலர் கம்ப்ரசரை எடுத்து மாட்டித் தரேன்னார். நல்ல கைகாரர். கூலிங் காயிலை நேரா தொட்டியில இறக்கப் போனார், பாத்தா செம்புக் குழாய். "அண்ணே, செம்பு ஆகாது"ன்னதும் என்னை ஏற இறங்கப் பாத்தார். எவர்சில்வர் குழாயை வளைச்சு மாட்டி முடிக்க மூணு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் ஐஸ் பாட்டில்தான், நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, அலாரம் வச்சு எந்திரிச்சு. சென்சாரையும் மாத்திட்டேன். இப்போ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு அது சொல்லணும். சொல்லலைன்னா மெசேஜ் வரும்.

ஆகஸ்ட் வாக்குல செவுள்ல சிவப்பா பூனை மயிர் மாதிரி இறகு துளிர்த்தது. முழுசா வர தீபாவளி ஆயிருச்சு. அப்பத்தா புண் ஆற அதைவிட ஒரு மாசம் கூட. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு அவுக காலையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நானும் அவனோடதான் ஒரே ரூம்ல கெடந்தேன். எனக்கு எப்பம்டா மொட்டு வரும்?"னாக. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாக. நான் எந்திரிச்சு முற்றத்துக்குப் போயிட்டேன்.

2018ல ஆக்சலாட்டிலோட மரபணுத் தொகுதியைப் படிச்சு முடிச்சாங்க. 3,200 கோடி எழுத்து, நம்மளுதைப் போல பத்து மடங்கு. கை முளைக்கிற ரகசியத்தைத் தேடி எத்தனையோ ஆய்வகங்கள்ல இவன் சொந்தக்காரங்க இருக்காங்க. ஆனா சொந்த ஊர்ல, மெக்சிகோ நகரத்து ஷோசிமில்கோ கால்வாய்ல, 1998 கணக்கெடுப்புல சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது 2014ல 36க்கு வந்துருச்சு. 2021ல வந்த 50 பெசோ நோட்டுல படம் போட்டிருக்காங்க. நம்ம ஊர் சாலமண்டர்னா டார்ஜிலிங் பக்கத்து மலைக் குளங்கள்ல இருக்கிறதுதான். அதுக்குன்னு ஜோர்போக்ரியில ஒரு சரணாலயமே உண்டு. அதைப் பாக்கலாம், பிடிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம்.

சட்டம்னதும் ஒண்ணு. ஆக்சலாட்டில் சைட்டீஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. 2022ல காட்டுயிர்ச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி வச்சிருக்கிறவங்க பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். நான் பண்ணிட்டேன். "வாங்கலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு என் பதில், வாங்காதீங்க. நான் பட்டதைப் பாத்துமா? பத்து பதினஞ்சு வருஷம் இருக்கிற உயிர். ஒரு நாள் கரண்டு போனா நாம தாங்குவோம்.

கொழுக்கட்டைக்கு இப்போ நாலு வயசு. ரெண்டாங்கட்டு ரூம்ல, 18 டிகிரியில, ராஜா மாதிரி இருக்கான். இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது. அப்பத்தா ரூம்ல ஏசி 27. அதுவும் மத்தியானம் மட்டும்.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் அப்பத்தா பாதத்தைப் பாக்கணும். டாக்டர் சொன்னது. கீழ உக்காந்து காலை மடியில வச்சு, போன் டார்ச் அடிச்சு, விரல் இடுக்கு, குதிகால், அந்தத் தையல் போட்ட இடம், எல்லாம். ஒரு படம் எடுத்து வச்சுக்குவேன். முதல்ல கூச்சப்பட்டாக, பேரன் காலைப் பிடிக்கிறதான்னு. இப்போ எட்டே முக்காலுக்கே சேலையை ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருவாக.

நேத்து கொஞ்சம் நேரமாயிருச்சு, ஆபீஸ் கால் இழுத்துருச்சு. ஓடி வந்து உக்காந்தேன். காலை எடுத்து மடியில வச்சாக, டார்ச்சை ஆன் பண்ணேன்.

"அவனைப் பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல அப்பத்தா. நீங்கதான் மொதல்ல."

"அவன் காலையிலேருந்து புழு திங்கலையாம். ஆத்தா சொன்னா. போய்ப் பாத்துட்டு வா, நான் எங்கிட்டுப் போயிரப் போறேன்"னு காலை இழுத்துக்கிட்டாக.

நான் விடல. பிடிச்சுக்கிட்டு, சுண்டுவிரல் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சேன்.